ஈரச் சுவரின் முன்

சாந்திநிகேதனின் இந்தி பவனத்தில், மூன்று சுவர்களின் மேற்பகுதியில் ஒரு நதியைப்போல் ஓடுகிறது பினோத் பிஹாரி முகர்ஜியின் சுவரோவியம். 1946-47இல் தீட்டப்பட்ட அதன் பொருள், இடைக்காலத்து அருளாளர்களின் வாழ்வு. கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் ஆகியோருடன் நம் இராமானுஜரும் அங்கே உண்டு. இராமானுஜரின் பொருட்டே அந்த ஓவியத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அது வரையப்பட்ட முறையைப் பற்றிய சிந்தனை அதன்பின் நம்மை விடவில்லை.

சுண்ணச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் ஏறியாக வேண்டும். காய்ந்துவிட்டால் சுவர் வண்ணத்தை உள்வாங்காது. பிழை நேர்ந்தால் பூச்சையே பெயர்த்தெடுக்க வேண்டும். ஆகவே ஓவியர்கள் முழு அளவில் மாதிரி வரைந்து, அதைச் சுவரில் படியெடுத்துக்கொள்வது வழக்கம். முகர்ஜி அவ்வாறு செய்யவில்லை. சிறிய வரைவுகளோடு நின்றுகொண்டு, ஈரச் சுவரில் நேரடியாகத் தீட்டினார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வைக் குறைபாடு. ஒரு கண் பயன்படவில்லை, மற்றதும் வலுவற்றது. கே.ஜி.சுப்பிரமணியன் உள்ளிட்ட மாணவர்கள் உடனிருந்து உதவினர். சுவர் வளர்வதைப் பார்த்தபடியே அவர்கள் கற்றிருப்பார்கள்.

இதை ஆயத்தமின்மை என்று கொள்ளலாகாது. இருபதாண்டுக்கும் மேலான பயிற்சி அந்தக் கைக்குப் பின்னால் இருந்தது. ஆயத்தம் அவருக்குள் இருந்தது. படியெடுக்கும் தாளில் இல்லை.

ஆசிரியர்களாகிய நம்மிடம் அந்தத் தாள் உண்டு. ஆண்டுதோறும் விரியும், ஓரம் பழுத்த குறிப்பேடு. அதை எளிதில் பழித்துவிடவும் முடியாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகளுக்குத் தேர்வுக்கான குறிப்பு ஒரு ஊன்றுகோல். அதைப் பறிப்பது அறமாகாது.

ஆயினும் ஒருநாள் முல்லைத்திணைப் பாடல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம். கார்காலம் வந்தும் தலைவன் திரும்பவில்லை. பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "எங்கப்பாவும் தீபாவளிக்கு வரேன்னுதான் சொன்னாங்க ஐயா, வரலை" என்றாள். அவள் தந்தை வளைகுடா நாடொன்றில் கட்டடத் தொழிலாளி. வகுப்பு அமைதியாயிற்று. குறிப்பேட்டில் இதற்கு விடை இல்லை. 'இருத்தல்' என்னும் உரிப்பொருளை அன்று அவள் வீட்டிலிருந்தே விளக்கினோம். பொருள்வயிற் பிரிவைப் பற்றி மற்றவர்களும் பேசினர். வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் யாரோ பிரிந்து போயிருந்தனர். உரைகளை முன்பே பலமுறை படித்திருந்ததனால்தான் அந்தப் பேச்சைப் பாடலுக்கே திரும்பக் கொண்டுவர முடிந்தது. மறுநாள் என்று ஒத்திப்போட்டிருந்தால் அந்தக் கேள்வி காய்ந்துபோயிருக்கும்.

முகர்ஜி 1950களின் பிற்பகுதியில் பார்வையை முற்றிலும் இழந்தார். ஆயினும் கலா பவனத்துக்குத் திரும்பிக் கற்பித்தார். காகிதங்களை வெட்டி ஒட்டிப் படைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972இல் எடுத்த 'தி இன்னர் ஐ' ஆவணப்படத்தில், அவருடைய விரல்கள் பொருள்களைத் தடவி அறிவதைக் காணலாம்.

ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் நாம் எவ்வளவு படித்திருக்கிறோம், உள்ளே நுழைந்தபின் எவ்வளவு கேட்கிறோம் என்னும் இரண்டையும் அந்தச் சுவர் கேட்கிறது. குறிப்புகளைத் தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் கொடுத்துவிடலாம்.