சென்னைக்குப் பட்டா கொடுத்த ஊர்



திருப்பதி என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலர், "அந்த ஊரில் நாம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். மலைமேல் உள்ள கோயிலுக்குச் செல்லும் மக்களின் நம்பிக்கையை நாம் மதிக்கிறோம். அந்த யாத்திரை நம்முடையது அன்று என்பதையும் அறிவோம். ஆனால் அதே மலையடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் சந்திரகிரி என்னும் சிற்றூர் இருக்கிறது. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து குடியேறிய ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறையாவது அதைக் காண வேண்டும். ஏனெனில், நாம் வாடகை கொடுத்து வாழும் இந்த மாநகரத்தின் முதல் நிலப் பத்திரம் அந்த ஊரின் அரசாட்சியில் எழுதப்பட்டது.

நான் சென்னையில் கல்லூரி மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவன். வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகள், விடுமுறை கிடைத்ததும் நண்பர்களோடு ரோம், புளோரன்சு, வெனிசு என்று இத்தாலியின் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்த்து, படங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதைப் பார்த்து மகிழ்கிற நாம், ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய பழைய தலைநகரத்தை வரைபடத்தில்கூடத் தேடியதில்லை. இதைப் பேசிக்கொண்டிருந்தபோது உடன் படிக்கும் நண்பன் ஒருவன், "சந்திரகிரியா? எங்கள் ஊருக்குப் போகிற வழியில் அந்தக் கோட்டை தெரியும். அங்கே ஒன்றும் கிடையாது" என்றான். அவனுடைய தகப்பனார் சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 20 ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு வந்தவர். ஒன்றும் கிடையாது என்று அவன் சொன்ன அந்த ஊருக்கு, மாமரங்கள் பூத்திருந்த ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் புறப்பட்டோம்.

வழியெங்கும் வரலாறு

சென்ட்ரலிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இரயில் அரக்கோணம், திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகச் செல்கிறது. திருத்தணியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் நிலையப் பலகைகளில் தெலுங்கு முதலிடம் பெறுகிறது. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. அந்த எல்லைப்புறத்தில் இரு மொழிகளும் நெடுங்காலமாகக் கலந்தே வாழ்ந்திருக்கின்றன. 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இப்பகுதி யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960-ஆம் ஆண்டு திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. கோடு போடப்பட்டது நிலத்தின்மேல்தான். வீடுகளுக்குள் இரண்டு மொழியும் அப்படியே இருந்தன.

அந்தத் திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு பிறந்த ஒரு சிறுவன், 1896 முதல் 1900 வரை திருப்பதியிலிருந்த ஜெர்மானிய லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தான். பின்னர் வேலூர் ஊரீசு கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றான். இந்தியக் குடியரசுத் தலைவரான டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனே அச்சிறுவன். திருப்பதியில் மிஷனரிகள் நடத்திய பள்ளி ஒன்று இருந்ததும், அதில் அவர் படித்ததும் நம் வாலிபர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றும் திருப்பதி மாணவர்களின் நகரமே. 1954-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983-ஆம் ஆண்டு தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகமும், 2015-ஆம் ஆண்டு வந்த ஐ.ஐ.டி.யும் அங்கே உள்ளன.

கோட்டைக்குள்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் பேருந்தில் ஏறினால் சந்திரகிரியில் இறங்கிக்கொள்ளலாம். சாலை ஓரத்தில் மணல் மட்டும் தெரியும் ஓர் ஆறு வருகிறது. சுவர்ணமுகி என்பது அதன் பெயர். ஆண்டின் பெரும்பகுதி அது வறண்டே கிடக்கிறது. ஊரைக் கடந்து சென்றால், ஏறத்தாழ 180 மீட்டர் உயரமுள்ள பாறைக் குன்றின் அடியில் கோட்டை மதில் தொடங்குகிறது.

கோட்டையின் தொடக்கம் யாதவராயர் காலத்தைச் சேர்ந்ததாகக் கூறப்படுகிறது. பின்னர் அது விஜயநகரப் பேரரசின் கைக்கு வந்தது. இங்கே ஆளுநராயிருந்த சாளுவ நரசிம்மர் 1485-ஆம் ஆண்டு பேரரசரானார். கிருஷ்ணதேவராயர் 1529-ஆம் ஆண்டு மறைந்தபோது, அவருடைய தம்பி அச்சுததேவராயர் காவலில் வைக்கப்பட்டிருந்தது இதே கோட்டையில்தான். காவலிலிருந்து அவர் நேரே அரியணைக்குச் சென்றார். 1565-ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின், அரச குடும்பம் பெனுகொண்டாவுக்கும், அந்நூற்றாண்டின் இறுதியில் சந்திரகிரிக்கும் தலைநகரை மாற்றிக்கொண்டது. பெருநகரை இழந்தவர்கள் இந்தச் சிறிய மலையடிவாரத்தில் வந்து ஒண்டினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

குளத்தங்கரையில் நிற்கும் இராஜமகால் மூன்று அடுக்கு உடையது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து இவற்றால் கட்டப்பட்டது. மரக்கட்டை சேர்க்கப்படவில்லை என்கிறார்கள். கீழே தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களில் காணும் வளைவுகள். உச்சியில் கோயில் கோபுரத்தை ஒத்த சிகரங்கள். பகைவரோடு போரிட்டுக்கொண்டே அவர்களுடைய கட்டடக் கலையையும் கற்றுக்கொண்ட காலம் அது. அருகில் இரண்டு அடுக்குள்ள இராணிமகால் இருக்கிறது. இராஜமகாலில் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தத் தடித்த சுவர்களுக்குள் குளிர்ச்சி இருந்தது.

வேங்கடபதி ராயர் இங்கே ஆண்டபோது, 1598-ஆம் ஆண்டையொட்டி இயேசு சபைக் குருமார் அவருடைய அவைக்கு வந்தனர். பின்னர் வந்தவர்களில் அந்தோனியோ ரூபினோ என்ற இத்தாலியரும் ஒருவர். வடஇத்தாலியில் பிறந்து இந்தக் கோட்டைக்கு வந்த அவர், பிற்காலத்தில் ஜப்பானுக்குச் சென்று 1643-ஆம் ஆண்டு நாகசாகியில் தம் விசுவாசத்திற்காக உயிர்நீத்தார். நம் பிள்ளைகள் இத்தாலியைப் பார்க்கப் போவதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே, இத்தாலியிலிருந்து ஒருவர் நம் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டார்!

ஒரு கடற்கரை மணல்வெளி

இனிப் பத்திரத்தின் கதைக்கு வருவோம். 1639-ஆம் ஆண்டு சந்திரகிரி அரசராயிருந்தவர் மூன்றாம் வேங்கட ராயர். அவருக்குக் கீழ்ப்பட்டு, வந்தவாசிப் பகுதியை ஆண்டவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அப்பொழுது கிழக்கிந்தியக் கம்பெனியார் பழவேற்காட்டுக்கு வடக்கே ஆர்மகான் என்ற இடத்தில் கிடங்கு வைத்து, வியாபாரம் சரிப்படாமல் தவித்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய அலுவலர் பிரான்சிஸ் டே வேறு இடம் தேடித் தெற்கே வந்தார். கூவம் கடலோடு சேரும் இடத்தருகே ஒரு மணல்வெளியைக் கேட்டார். நாயக்கர் கொடுத்தார். கோட்டை கட்டிக்கொள்ளவும் நாணயம் அடிக்கவும் உரிமை தந்தார். வணிகத்தால் தம் நாடு செழிக்கும், பாரசீகக் குதிரைகள் கிடைக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. ஆகஸ்ட் 22-ஆம் நாளைச் சென்னை நாளாக இன்று கொண்டாடுவது இந்த நிகழ்ச்சியை வைத்துத்தான். நாயக்கருடைய தகப்பனார் சென்னப்ப நாயக்கரின் பெயரால் சென்னப்பட்டணம் என்ற பெயர் வந்தது.

இராஜமகாலில்தான் அந்தச் சாசனம் உறுதி செய்யப்பட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நிலத்தைக் கொடுத்தவர் நாயக்கர். அவருக்கு மேலே இருந்த அதிகாரம் சந்திரகிரியுடையது. அடுத்து வந்த ஸ்ரீரங்க ராயரும் 1645-ஆம் ஆண்டு அதைப் புதுப்பித்துக் கொடுத்தார். மறு ஆண்டே, 1646-இல், சந்திரகிரிக் கோட்டை கோல்கொண்டா சுல்தானின் படையிடம் விழுந்தது. பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களின் அரசு போயிற்று. பத்திரத்தை வாங்கியவர்கள் கட்டிய கோட்டையைச் சுற்றி ஒரு மாநகரம் எழுந்தது. எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் நிலம் வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்திய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். முற்றுகைக்குள்ளும் தன் ஊரின் நிலத்தை மதித்தவர் அவர். இங்கே நடந்தது அதற்கு மறுதலையானது: கொடுத்தவர்களுக்கு, தாங்கள் எதைக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கவில்லை.

அவ்வாவின் கேள்வி

கோட்டையைப் பார்த்து முடித்தபின் நண்பனின் பாட்டியைக் காணச் சென்றோம். பாகாலாவைத் தாண்டி, சித்தூருக்கு முன்னால் உள்ள கிராமம். அவ்வா என்றுதான் அவன் அவரை அழைப்பான். வேர்க்கடலைச் சட்டினியும் கீரையும் வைத்து, கேழ்வரகுச் சங்கட்டியை உருட்டி ஐந்து பேருக்கும் பரிமாறினார். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசினார்.

அந்தக் குடும்பத்திற்கு மிஞ்சியிருப்பது 60 சென்ட் மாந்தோப்பு. சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்ட, அதை விற்றுவிடலாம் என்று நண்பனின் தகப்பனார் எண்ணியிருந்தார். நண்பனுக்கும் அதில் மறுப்பு இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுத்தான். அவ்வா கோபப்படவில்லை.

"விக்கிறதா வேணாமான்னு உங்க நாயனா சொல்லட்டும் கண்ணு. நான் எத்தனை நாளைக்கு? ஆனா எதை விக்கிறோம்னு நீ ஒரு தரம் பார்த்துக்கோ. அந்தத் தோப்புக்கு எல்லை எதுன்னு உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியவில்லை. அவ்வா தகரப் பெட்டியைத் திறந்து, பட்டாதார் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் சென்றோம். வடக்கே வாய்க்கால், கிழக்கே புளியமரம், தெற்கே சித்தப்பாவின் நிலம் என்று கல்லைக் கல்லைக் காட்டினார். "இந்த நாலு மரம் உங்க தாத்தா வெச்சது. கிளிமூக்குக் காய். வர்ற வருமானத்துலதான் உங்க நாயனா காலேஜ் படிச்சாரு" என்றார். நண்பன் சர்வே எண்ணைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். இருபது வயதில் முதல்முறையாக எழுதினான்.

அன்று மாலை சித்தூரிலிருந்து காட்பாடிக்குப் பேருந்தில் வரும்போது அவன் தகப்பனாரிடம் தொலைபேசியில் பேசினான். விற்க வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. "அப்பா, ஒருமுறை நீங்களும் வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து தோப்பைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்" என்றான். அறுவடை முடியும்வரை பேச்சை நிறுத்தி வைப்பதாகத் தகப்பனார் ஒப்புக்கொண்டார். அதன்பின் என்ன முடிவாகும் என்பது அந்தக் குடும்பத்தின் காரியம்.

நீங்களும் செல்லுங்கள்

அன்பானவர்களே, கடன் நெருக்கத்தினாலோ பிள்ளைகளின் படிப்பினாலோ நிலத்தை விற்க வேண்டிய நிலை நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. அதைக் குற்றம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுப்பது வேறு. அறிந்து கொடுப்பது வேறு. நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஊரின் பெயர் தெரிகிறது, எல்லைக்கல் தெரிவதில்லை. "அங்கே ஒன்றும் கிடையாது" என்று அவர்கள் சொல்வது, நாம் ஒன்றையும் காட்டாததினால்தான்.

ஆகவே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். சந்திரகிரிக்குச் செல்பவர்கள் அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் சென்றால் நன்று. குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து சந்திரகிரி திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய வழிகாட்டி நூல்களில் சித்தூர் மாவட்டம் என்றே காண்பீர்கள். அதைப் பார்த்த கையோடு உங்கள் சொந்த ஊருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கும்போதே செல்லுங்கள். கல்லைக் காட்ட அவர்களுக்குத்தான் தெரியும்.