அமிர்தகழியிலிருந்து ஒரு விண்ணப்பம்

மட்டக்களப்புத் தமிழரின் குடிவழக்கில் மணமகன் மணமகள் வீட்டுக்குப் போவதே மரபு. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். ஆண் அங்கே போய்க் குடியிருப்பான். மனைவி இருக்குமிடமே கணவனின் வீடு என்ற இவ்வழக்கைத் தாய்வழி மரபின் தொடர்ச்சியென ஆய்வாளர் விளக்குவர். விளக்கம் எதுவாயினும் ஆகுக. அமிர்தகழியில் ஒருவர் பதினான்கு ஆண்டுகளாக மனைவியின் வீட்டில் மனைவியின்றியே வாழ்ந்து வந்தார் என்பதே ஈண்டுச் சொல்லவேண்டியது.

மனைவி 2009ஆம் ஆண்டு பத்து வயது மகளுடன் இங்கிலாந்து சென்றவர். காலப்போக்கில் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். கணவர் மேசன் தொழிலாளி. படுக்கையிற் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டியிருந்தமையால் அவர் ஊரிலே தங்கினார் என்று அயலவர் சொல்வர். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. மாமியார் காலமான பின்பும் அவர் விண்ணப்பிக்கவில்லை. விசாப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டென்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார்; அக்கேள்விக்கே அஞ்சினார்.

ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்கு மனைவி வந்துவிடுவார். மாமாங்கேஸ்வரர் ஆலயத்துத் தீர்த்தக் குளத்தில் அன்று கால் வைக்க இடமிராது. தந்தையை இழந்தோர் நீராடிப் பிதிர்க்கடன் செய்யும் நாள் அது. இலண்டன், தொறன்ரோ, சூரிச் என எங்கெங்கோ இருந்தெல்லாம் பிள்ளைகள் அதற்கென வந்து சேர்வர். இறந்த தந்தைக்காகக் கடல் கடந்து வருவதற்கு வழியிருக்கிறது. உயிரோடிருக்கும் தந்தை மகளிடம் போவதற்கு வழியிருக்கிறதா என்ற கேள்வி 2023ஆம் ஆண்டிலேதான் எழுந்தது. மகளுக்கு இலண்டனில் திருமணம் நிச்சயமாயிற்று. இரண்டு கிழமைகளுக்கு ஒரு வருகையாளர் விசா போதும்.

நகரத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடையொன்றுக்குப் போனார். பெயர், தொழில், வருமானம், வங்கிக் கணக்கு, யார் வீட்டில் தங்குவது என்பனவெல்லாம் எளிதில் முடிந்தன. பின்னர் அந்தக் கேள்வி வந்தது: எந்த நாட்டிலாயினும், எப்போதாயினும், குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டதுண்டா? 'எப்போதாயினும்' என்ற சொல்லுக்கு எல்லையில்லை. கடைக்காரர் இளைஞர். உதவி செய்யும் எண்ணத்தோடுதான் சொன்னார்: "அண்ணன், 'இல்ல' எண்டு போடுவம். ஆருக்குத் தெரியப் போகுது?"

அவர் கூறியதில் ஓரளவு உண்மையுண்டு. பிரித்தானிய வருகையாளர் விசாவுக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் இணைக்க வேண்டியதில்லை. விண்ணப்பிப்பவரின் வாய்மொழியையே படிவம் கேட்கிறது. ஆயின் அதே விதிகள் பொய்யான விடைக்குப் பத்தாண்டுத் தடையை வைத்திருக்கின்றன. கிழக்கிலும் வடக்கிலும் எத்தனையோ பேர் இந்த 'இல்லை'யில் வழுக்கி விழுந்திருக்கின்றனர். பழைய தண்டனையைச் சொல்லி மறுக்கப்பட்டவர் பிறிதொரு காலம் மீண்டும் கேட்கலாம். மறைத்து அகப்பட்டவரின் பின்வந்த உண்மைகளையும் எவரும் நம்பார்.

அடுத்த கேள்வி இன்னும் கடியது: பயங்கரவாதத்தோடு தொடர்புடைய அமைப்பெதற்கும் ஆதரவு வழங்கியதுண்டா? 1990களில் மட்டக்களப்புக் கிராமமொன்றில் வாழ்ந்த எவர்தாம் இதற்கு ஒரு சொல்லில் விடையிறுக்க வல்லார்? இரவில் துவக்கோடு வந்து சோறு கேட்டவருக்குச் சோறு கொடுத்தது ஆதரவா, அச்சமா என்று எழுதப் படிவத்தில் இடம் போதாது. அவர் அன்று எதையும் நிரப்பாமல் வீடு திரும்பினார்.

அவருடைய வழக்கு இதுதான். 1993இல் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. தகவல் அறிந்தும் பொலிசாருக்கு அறிவிக்கத் தவறினார் என்பதே குற்றச்சாட்டு. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி இதற்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம். மூன்றாண்டுக்கெனக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிலையானதாக்கப்பட்ட சட்டம் அது. மூன்றாண்டு விளக்கமறியலில் கழிந்தபின், 1996இல், குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறிய தண்டனையோடு விரைவில் வீடு போகலாம் என்று ஆலோசனை கூறப்பட்டது. ஒப்புக்கொண்டார். இரண்டாண்டுக் கடூழியச் சிறை. வெளியே வந்து மணம் முடித்தார், மகள் பிறந்தாள், வேலை, வீடு, கோயில் என்று வாழ்ந்தார். அதன்பின் ஒரு நாளாவது நீதிமன்றப் படியேறியவரல்லர்.

அந்நாளில் ஒப்புதல் என்பது எத்தன்மையதாயிருந்தது என்பதை விளங்கிக்கொள்ள, அதே மட்டக்களப்பு மாவட்டத்தில் அதே ஆண்டு நிகழ்ந்து உலகறிந்த வழக்கொன்று உண்டு. நல்லரத்தினம் சிங்கராசா 1993 ஜூலையில் ஊர்ச் சுற்றிவளைப்பின்போது கைது செய்யப்பட்டவர். தமிழிற் பேசியது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டு, அவருடைய பெருவிரல் அடையாளம் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலமே அவருக்கெதிரான சான்று. 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை முப்பத்தைந்தாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலம் சான்றாகும் என்கிறது அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிறுவும் சுமையையும் எதிரியின் தலையிலேயே அது ஏற்றுகிறது. அடித்தவனிடம் சாட்சி கேள் என்பது போன்ற ஏற்பாடு. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, சிங்கராசாவுக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதெனத் தீர்மானித்தது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அத்தீர்மானத்தை ஏற்றுத் தன் தீர்ப்பை மீளாய்வு செய்ய மறுத்துவிட்டது. உலக மன்றமொன்றே குறை கண்ட வழக்கிலும் பதிவு பதிவாகவே நின்றது. அமிர்தகழியாரின் சிறிய வழக்கை எந்த மன்றமும் எட்டிப் பார்த்ததில்லை.

இனிப் பிரித்தானிய விதியை நோக்குவோம். 2012 டிசம்பர் முதல் 2020 நவம்பர் வரை அந்நாட்டு விதி, பன்னிரண்டு மாதத்துக்கும் நான்கு ஆண்டுக்கும் இடைப்பட்ட தண்டனை பெற்றவரை, தண்டனை முடிந்து பத்தாண்டு கழிந்திருந்தால் அதன் பொருட்டு மறுக்கச் சொல்லவில்லை. இவருடைய பத்தாண்டு 2008இலேயே கழிந்துவிட்டது. 2020 டிசம்பரில் விதி மாறியது. பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் எவராயினும், தண்டனை எவ்வளவு பழையதாயினும், விண்ணப்பம் மறுக்கப்பட வேண்டும். மாறாகப் பதினொரு மாதத் தண்டனை பெற்றவருக்கு, தண்டனை முடிந்து ஓராண்டு கழிந்தால் போதும். ஆக, 2019இல் விண்ணப்பித்திருந்தால் காலம் அவருக்குச் சாதகமாயிருந்திருக்கும். கேள்விக்கு அஞ்சி அவர் ஒதுங்கியிருந்த எட்டு ஆண்டுகளே கதவு திறந்திருந்த ஆண்டுகள்!

இன்னொரு விசித்திரமும் உண்டு. கணவனாக நிரந்தரமாய்க் குடியேற வருவோருக்கான விதிகள் அப்போது தனியாக இருந்தன. 2023இல் அவற்றில் பழைய பத்தாண்டுக் கணக்கு அப்படியே இருந்தது. இரண்டு கிழமை விருந்தினராக வர முடியாதவர் வாழ்நாள் முழுவதும் இருக்க வர முடிந்தது! அதற்கு அப்போது மனைவியின் வருமானம் ஆண்டுக்கு 18,600 பவுணாவது இருக்க வேண்டியிருந்தது. அவர் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். அமிர்தகழியை விட்டுவிட வேண்டும். அவர் கேட்டதோ மகளின் தாலிகட்டைப் பார்த்துவிட்டு மீள்வதற்கு.

குற்றத்தை மறக்கவும் பிரித்தானியச் சட்டத்துக்குத் தெரியும். குறித்த காலம் நல்வழியில் நடந்தவனின் பழைய தண்டனை தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று 1974இலேயே அங்கே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் 2012 அக்டோபர் முதல் குடிவரவு விடயங்களுக்கு அச்சலுகை இல்லை. வேலை தேடும் உள்ளூர்க்காரனுக்கு மறதி. வாசலில் நிற்கும் வெளிநாட்டுக்காரனுக்கு நினைவு.

உலகில் எல்லாச் சட்டமும் மாதங்களை மட்டும் எண்ணுவதில்லை. கனடாவின் குடிவரவுச் சட்டம், வேற்று நாட்டில் தண்டிக்கப்பட்ட செயலைத் தன் நாட்டிற்கொண்டு வந்து வைத்துப் பார்க்கிறது: இது இங்கே செய்யப்பட்டிருந்தால் குற்றமாகுமா? எவ்வளவு தண்டனைக்குரிய குற்றம்? குற்றமே ஆகாததெனில் அத்தண்டனை தடையாகாது. (பாதுகாப்புக் காரணம் கூறி மறுக்கும் பிரிவு அங்கும் தனியே உண்டு, அதன் வலை பெரியது.) பிரித்தானிய அதிகாரிகளுக்கும் தங்கள் நாட்டில் குற்றமாகாதவற்றை ஒதுக்கிவிட வழிகாட்டல் உண்டு. எனினும் இவருக்கு அது உதவாது. பயங்கரவாதம் பற்றிய தகவலை அறிவிக்கத் தவறுதலை 2001 முதல் பிரித்தானியாவும் குற்றமாக்கியிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இரண்டும் ஒரே குற்றம். ஆனால் தகவல் சொன்னவன் மறுநாட் காலை மின்கம்பத்தில் கட்டப்பட்டுக் கிடந்த ஊருக்கும், தொலைபேசியிற் சொல்லிவிட்டு நிம்மதியாய் உறங்கக்கூடிய ஊருக்கும் உள்ள வேறுபாடு பிரிவு இலக்கத்தில் தெரியாது.

இவ்விடத்தில் ஜோன் லெனனை நினைத்துக்கொள்ளலாம். பீட்டில்ஸ் பாடகருக்கும் அமிர்தகழி மேசனுக்கும் என்ன உறவு என வினவுவோர் சற்றுப் பொறுக்க. 1968இல் இலண்டனில் கஞ்சாப் பிசின் வைத்திருந்ததாக லெனன் மீதும் யோகோ ஓனோ மீதும் வழக்கு வந்தது. லெனன் குற்றத்தை ஒப்புக்கொண்டு 150 பவுண் தண்டம் கட்டினார். ஓனோ மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 1971இல் ஓனோ தம் இரண்டாம் கணவருக்குப் பிறந்த மகள் கியோகோவைத் தேடி அமெரிக்கா செல்ல வேண்டியிருந்தது. பழைய தண்டனை லெனனுக்குத் தடையாயிருந்தும், தற்காலிக விலக்களித்து வருகையாளர் விசா வழங்கினர். 1972இல் அதே தண்டனையைக் காட்டி அவரை வெளியேற்ற முற்பட்டனர். போரெதிர்ப்பாளரான லெனனை நிக்சன் ஆட்சி விரும்பவில்லை என்பது வரலாறு. 1975 அக்டோபர் 7ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே நமக்கு வேண்டியது. 1968இல் வழக்கிலிருந்த பிரித்தானியச் சட்டம், பொருள் தன்னிடம் இருப்பதை அறியாதவனையும் தண்டிக்கக்கூடியதாயிருந்தது. அவ்வாறான சட்டத்தின்கீழ்ப் பெற்ற தண்டனை அமெரிக்க விதி கருதிய தண்டனையாகாது என்றது நீதிமன்றம். அதாவது, தண்டனை இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், அதனை ஈன்ற சட்டம் எத்தகையது எனவும் கேட்டது. 1976 ஜூலையில் லெனனுக்கு நிரந்தர வதிவுரிமை கிடைத்தது.

பிரித்தானியச் சட்டத்தை அமெரிக்க நீதிமன்றம் இவ்வாறு புரட்டிப் பார்த்தது நியாயமெனில், இலங்கையின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரித்தானிய அதிகாரி புரட்டிப் பார்ப்பதும் நியாயமே. லெனனுக்காக ஒரு கெட்டிக்காரச் சட்டத்தரணி மூன்றாண்டுக்கு மேலாக வாதாடினார் என்பது வேறு விடயம்.

அமிர்தகழியார் 'ஆம்' என்றே எழுதத் துணிந்தார். ஆயின் வெறும் 'ஆம்' போதாது. எந்த நீதிமன்றம், எந்தத் திகதி, என்ன தண்டனை என்பன வேண்டும். இருபத்தேழு ஆண்டுக்கு முந்திய வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதிக்காக இரவுப் புகையிரதத்தில் இருமுறை கொழும்புக்குப் போய் வந்தார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரொருவர் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினார். தமக்கு எதிராக எழுதப்பட்டது என்னவென்பதை அவர் முழுமையாகக் கேட்டறிந்தது அப்போதுதான். மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொன்னார்.

விளக்கக் கடிதத்தை எழுதும் பொறுப்பு மகளுக்கு வந்தது. தந்தை 'பிரச்சினைக் காலத்தில்' சில நாள் உள்ளே இருந்தவர் என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது. ஐந்தாண்டு என்பதை ஆங்கிலப் பிரதியிற் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, நீங்க ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன், மகள்."

தாய்க்கு எல்லாம் தெரியும். ஆனால் அவ்வீட்டில் அது பேசப்படாத பொருள். திருமணப் பேச்சுக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. மகளே அதனை அவர்களிடம் சொன்னாள். அவர்களும் மட்டக்களப்பார், அவர்கள் வீட்டிலும் இத்தகையதோர் ஆண்டுக்கணக்கு இருந்தது.

விடை மறுப்பாகவே வந்தது. ஒன்றரைப் பக்கக் கடிதம். தண்டனையின் திகதி, அதன் நீளம், விதியின் இலக்கம் ஆகிய மூன்றுமே அதில் இருந்தன. மகள் நான்கு பக்கத்தில் எழுதியவை பற்றி ஒரு வரி. குடும்பத்தைப் பார்க்க வருவோருக்கு முன்பு இருந்த முழு மேன்முறையீட்டு உரிமையும் 2013இல் நீக்கப்பட்டுவிட்டது. மனித உரிமைக் காரணம் காட்டலாம், நீதிமன்ற மீளாய்வு கேட்கலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும், காலம் வேண்டும். கல்யாணம் அதுவரை காத்திராது.

பதிவுத் திருமணம் இலண்டனில் நடந்தது. தாலிகட்டு 2024 தையில் அமிர்தகழியில். மாப்பிள்ளையின் ஆங்கிலேய நண்பர் நால்வர் இணையவழியே அனுமதி பெற்று வந்து, வேட்டி கட்டிக்கொண்டு, வாவிக்கரையில் படம் பிடித்தனர். தந்தை தம் கையாலேயே பந்தற்கால் நட்டார்.

விதிக்கு வெளியே நின்று விசேட காரணம் காட்டி விண்ணப்பிக்கும் வழி பற்றி மகள் இன்னமும் சட்டத்தரணிகளிடம் விசாரித்து வருகிறாள். வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி மூன்று எடுக்கப்பட்டது. ஒன்று செலவாகிவிட்டது, மற்ற இரண்டும் அவளிடம் இருக்கின்றன.