போலியும் புதுமனையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியில் கரிசலும் பனையும் உடைமரமுமே நமக்குத் துணை வரும். வானம் பார்த்த இச்சீமையில் நம் முன்னோர் வீடு கட்டியது காண்போர் மெச்சுவதற்கன்று, வெயிலுக்கு ஒதுங்குவதற்கே. பனஞ்சட்டம் பரப்பி, நாட்டோடு வேய்ந்து, சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். சுட்ட மண் வெப்பத்தைத் தயங்கித் தயங்கியே உள்ளே விடும். ஓட்டின் இடுக்குகளோ சூடேறிய காற்றை மேலே போக்கிவிடும்.

அத்தகைய வீட்டில்தான் நாமும் வளர்ந்தோம். ஆயினும், மகளின் நிக்காஹை முன்னிட்டு வீட்டைப் புதுப்பித்தபோது நமக்கும் ஆசை வந்தது. தாழ்வாரத்து ஓடுகளைப் பிரித்துவிட்டு, ஓடு போலவே வளைத்துச் சிவப்புச் சாயமேற்றிய தகரத்தைப் போட்டோம். கூடத்தில் ஆத்தங்குடிப் பூக்கோலம் அச்சிட்ட டைல்ஸ் பதித்தோம். "பாய், தாழ்வாரத்தை மட்டுமாவது விட்டுவைக்கலாமே" என்றார் கொத்தனார். நாம் கேட்கவில்லை.

விருந்தன்று சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் தரையை உற்று நோக்கி, "ஆத்தங்குடிக் கல்லா இது?" என்று வினவினார். நாம் புன்னகையோடு தலையசைத்துவிட்டோம். வாயால் பொய் சொல்லவில்லையே என்று மனத்துக்குச் சமாதானமும் கூறிக்கொண்டோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாறு அன்றிரவு நினைவுக்கு வந்தது. உறக்கம் வரவில்லை.

போலி என்றாலே பழிப்பதும் நேர்மையன்று. காரைக்குடிக்கு அருகே உருவாகும் ஆத்தங்குடிக் கல்லும் வெளிநாட்டுக் கலையைப் பார்த்துப் பழகியதுதான். சிமென்ட்டில் வண்ணப்பூ வார்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வளர்ந்தது. நம் கைவினைஞர் அதைத் தமதாக்கினர். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகின்றனர். சூளைக்கு அங்கே வேலையில்லை. கண்ணாடியின் வழுவழுப்பே கல்லின் மினுமினுப்பாகிறது. பிறரைப் பார்த்துச் செய்தாலும், அக்கல் தன் ஊர்ப் பெயரையே சொல்லி நிற்கிறது.

குஜராத்தின் மோர்பி போன்ற ஊர்களில் உருவாகும் டைல்ஸில் இன்று எந்தக் கல்லின் முகத்தையும், எந்த மரத்தின் ரேகையையும் கணினி கொண்டு அச்சிட்டுவிடுகின்றனர். குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்த விரும்பும் குடும்பங்களுக்கு அது உதவியே. கரையான் அரிக்கும் வீட்டில் குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு போடுவதையும் யார் குறை சொல்வார்?

அப்படியானால் பிழை எங்கே? முகத்தை மட்டும் நகலெடுத்து, குணத்தைக் கைவிடும் இடத்தில்தான். இதை நமக்குக் கற்பித்தது சித்திரை வெயில். லுஹர் தொழுதுவிட்டுத் தாழ்வாரத்தில் சற்றுக் கண்ணயர்வது எண்பதைக் கடந்த நம் தாயாரின் நெடுநாள் வழக்கம். தகரம் போட்ட முதல் கோடையிலேயே அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். நாம் காரணம் கேட்டபோது, "பாக்க ஓடாத்தான் இருக்கு தம்பி, படுக்கத்தான் முடியல" என்றார். அதில் கோபம் இல்லை. அதனாலேயே நமக்கு அதிகம் வலித்தது. ஊரார் கண்ணுக்காகத் தாயின் நிழலை அல்லவா விற்றிருந்தோம்!

மறுநாளே தகரத்தின் கீழ் பனையோலைத் தட்டி கட்டினோம். வெம்மை ஓரளவு தணிந்தது. பிரித்த ஓடுகளில் உடையாதவை கொல்லையில் அடுக்கிக் கிடக்கின்றன. அடுத்த கோடைக்குள், இன்ஷா அல்லாஹ், அவை மீண்டும் தாழ்வாரத்தின் மேலேறும்.

சம்பந்தி வீட்டுப் பெரியவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வீட்டுத் தேக்குக் கதவும் அப்படித்தான். நீங்க கேக்காததால நானும் சொல்லல" என்றார்.