எதிர்கொண்டு அழைக்க ஒருவர்

புனித சின்னப்பர் உரோமைக்கு வந்த வழியை நாம் அறிவோம். கைதியாய்க் கப்பலேறி, மால்த்தா தீவருகே கப்பற்சேதத்திற்கு உள்ளாகி, புத்தேயோலித் துறையில் கரையிறங்கி, அப்பிய நெடுஞ்சாலை வழியே அவர் நகரை அடைந்தார். கி.மு. 312-இல் தொடங்கப்பெற்ற அச்சாலையின் கற்பாளங்களை இன்றும் காணலாம்.

இக்காலத்துத் திருயாத்திரிகருக்கு அத்தனை துன்பமில்லை. அவர் வந்திறங்கும் ஃபியுமிச்சினோ விமான நிலையம் நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. லெயொனார்தோ எக்ஸ்பிரஸ் என்னும் இரயில் இடையில் எங்கும் நில்லாது 32 நிமிடங்களில் தெர்மினி நிலையத்தில் சேர்த்துவிடும். கட்டணம் குறைந்த மற்றோர் இரயிலும் உண்டு. அது திராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே ஆகிய நிலையங்களில் நின்று செல்லும், தெர்மினிக்குச் செல்லாது. காகிதச் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது. ஏறுமுன் அங்குள்ள இயந்திரத்தில் அதற்கு முத்திரையிட வேண்டும். தவறினால் அபராதம்.

நகருக்குள் நான்கு பெரும் பேராலயங்களையும் எளிதில் தரிசிக்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 26-இல் அடக்கம் செய்யப்பெற்ற மரியன்னைப் பெருங்கோவிலுக்குத் தெர்மினியிலிருந்து நடந்தே செல்லலாம். பாதாள இரயிலின் 'ஏ' தடத்தில், ஒரு புறம் சான் ஜொவான்னி நிலையத்தில் இறங்கினால் இலாத்தரன் பேராலயம். மறுபுறம் ஒத்தாவியானோவில் இறங்கிச் சற்று நடந்தால் புனித இராயப்பர் பேராலயம். 'பி' தடத்தில் புனித சின்னப்பர் பேராலயத்தின் பெயராலேயே ஒரு நிலையம் உண்டு. நகரின் சாதாரணச் சீட்டு 100 நிமிடங்களுக்குச் செல்லும். அதைக்கொண்டு பஸ்களில் மாறி மாறி ஏறலாம், பாதாள இரயிலில் ஒரு முறையே செல்லலாம். நெரிசலில் பணப்பையின்மீது கண்ணிருக்கட்டும்.

வழி அறிந்தாயிற்று. ஆனால் வழி மட்டும் போதுமா? தெர்மினியில் நாம் கண்ட காட்சியொன்று உண்டு. நம் நாட்டு இளங்கன்னியர் ஒருவர், மொழி அறியாது, பெட்டியும் கையுமாய்த் திகைத்து நின்றார். அப்போது வயது முதிர்ந்த இத்தாலியக் கன்னியர் ஒருவர், பெயரெழுதிய அட்டையை உயர்த்திப் பிடித்தவாறு மெல்ல நடந்து வந்தார். தம் பெயரைக் கண்டதும் இளையவரின் கண்கள் கலங்கின. இருவருக்கும் பொதுவான மொழி இல்லை, புன்னகையே போதுமானதாயிருந்தது.

சின்னப்பருக்கும் இதுவே நேர்ந்தது. அவர் வருகையைக் கேள்வியுற்ற உரோமைச் சகோதரர்கள் அப்பியு சந்தைவெளி வரையிலும், மூன்று விடுதிகள் வரையிலும் எதிர்கொண்டு வந்தனர். மூன்று விடுதிகளே நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். புயலுக்கும் அஞ்சாத அப்போஸ்தலர், அவர்களைக் கண்டபோதுதான் இறைவனுக்கு நன்றி கூறித் துணிவு கொண்டார் என அப்போஸ்தலர் பணி நூல் அறிவிக்கிறது. அவர்கள் கொண்டுவந்த பொருள் எதையும் அந்நூல் கூறவில்லை; அவர்கள் வந்ததையே கூறுகிறது.

அன்பர்களே! நம் பிள்ளைகள் படிக்கவும் பணிபுரியவும் அயலூர் செல்கின்றனர். அங்கே யாரேனும் அவர்களை எதிர்கொள்ள வேண்டுமென்று செபிக்கிறோம். அவ்வாறே நம் பங்கிற்கும் புதிய குடும்பங்கள் வருகின்றன. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் அமர்ந்து, எவரோடும் பேசாது திரும்பிச் செல்கின்றன. ஐம்பது கிலோமீட்டர் நடக்குமாறு நம்மை எவரும் கேட்கவில்லை. கோவில் வாசல் வரை நடந்தால் போதும்.