வானத்து மோட்டாருக்குத் தண்ணீர் காட்டுபவர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிரஷ்லெஸ் மோட்டார் கேட்டால் கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "எத்தனை கேவி?" என்கிறான். ஆயிரம் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., மூன்று செல் லிப்போ பேட்டரி மூன்றும் ஒரே பாலித்தீன் பையில் விழுந்துவிடும். இன்ஜினீயரிங் மாணவர்கள் டிரோன் கட்ட வாங்கிப்போகும் செட் அது. ரேடியோவில் ஓட்டும் பந்தயப் படகுக்கு என்றேன். "போட்டுக்கா? இதையே போடுங்க சார், ஓடும்" என்றான்.

ஓடும்தான். பாண்டி பஜார் நடைபாதையில் விற்கிற பொம்மைப் படகும் ஓடத்தான் செய்கிறது. பந்தயப் படகு வேறு. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் கேவி. மூன்று செல் என்றால் 11.1 வோல்ட், 1,000 கேவி மோட்டார் அதில் 11,100 சுற்று சுற்றும். டிரோனின் பத்து அங்குல விசிறிக்கு இது தாராளம். பந்தயப் படகின் புரொப்பெல்லரோ 40 மில்லிமீட்டர் அகலம்தான். பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் அடித்துக்கொண்டு சுற்ற வேண்டியது. 25,000 முதல் 30,000 சுற்று வந்தால்தான் படகு எழும்பி, அடிவயிற்றின் பின்நுனி மட்டும் தண்ணீரில் பட, பறந்து போகும்.

சென்னையில் கிடைக்கிற சரக்கு எல்லாம் வானத்துக்கு வந்த சரக்கு. ரேடியோ விமானம் என்றால் உடனே நடிகர் அஜித்தைச் சொல்வார்கள், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழுவுக்கு 2018இல் அவர் ஆலோசகராக இருந்தார். படகுக்கு அப்படி ஒரு நட்சத்திரம் வாய்க்கவில்லை. இத்தனைக்கும் நிகோலா டெஸ்லா நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ரேடியோவால் படகு ஓட்டிக் காட்டியது 1898இல். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஐந்து வருடம் முன்னால். அதுவும் பேட்டரிப் படகுதான்.

ஆகவே இங்கே படகுக்காரர்களின் வேலை, வானத்து மோட்டாரைத் தண்ணீருக்குப் பழக்குவது. நான் பார்த்த வரையில் அது ராயப்பேட்டையில் ஒரு வைண்டிங் கடை, புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறை, மந்தைவெளியில் ஒரு மொட்டைமாடி என மூன்று இடங்களில் நடக்கிறது. மொட்டைமாடிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். அவர் கையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும்.

வைண்டிங் கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சீலிங் ஃபேனுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் காயில் கட்டுகிறவர். இந்தக் குட்டி மோட்டாரை முதலில் கொண்டுபோனபோது இன்ஜினீயர் விளக்க ஆரம்பித்தாராம். பாய் கையமர்த்திவிட்டார். "ஃபேனும் இதுதானே சார்? நடுவுல ஸ்டேட்டர் சும்மா நிக்குது, வெளி ஓடு சுத்துது. சைஸுதான் சின்னது." விமான மோட்டார்களை அவுட்ரன்னர் என்று சொல்வதன் முழு விளக்கமும் அதில் அடங்கிவிட்டது.

பாய் பழைய கம்பியை உரித்து எண்ணினார். ஸ்டேட்டர் பல்லுக்கு 8 சுற்று, 1,000 கேவி. சுற்றைக் குறைத்தால் கேவி ஏறும்: 4 சுற்று போட்டால் 2,000, 3 போட்டால் சுமார் 2,670. சுற்று குறைந்தால் அந்த இடத்தில் தடித்த கம்பி போடலாம். ஒரே தடிக் கம்பி வளையாது என்பதால் மெல்லிய எனாமல் கம்பிகள் சிலவற்றைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றுகிறார். மூங்கில் குச்சியால் தள்ளி உட்கார வைக்கிறார். இரும்பு பட்டால் எனாமல் உரிந்து ஷார்ட் ஆகிவிடும். முனைகளை டெல்டாவாகச் சேர்ப்பதா ஸ்டாராகச் சேர்ப்பதா என்பது கடைசிக் கேள்வி. டெல்டாவிலிருந்து ஸ்டாருக்கு மாற்றினால் கேவி 1.73 மடங்கு குறையும். பாய்க்கு இது மனக்கணக்கு. பிறகு வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைக்கிறார். வேகம் கூடுவதால், ஓட்டின் உள்பக்கக் காந்தங்களை எபாக்சி பசையால் மறுபடி இறுக்குவதும் அவர் பொறுப்பு.

அடுத்து சூடு. பந்தயத்துக்கென்றே செய்த இன்ரன்னர் மோட்டாரில் வெளிக்கூடு அசையாது. அதன்மேல் தண்ணீர் ஓடும் உறையை மாட்டிவிடலாம். அவுட்ரன்னரில் வெளிக்கூடே சுற்றுகிறது, உறையை எதில் மாட்டுவது? டிரோனில் விசிறிக் காற்றே குளிர்விக்கும்; படகின் மூடிய வயிற்றுக்குள் காற்று கிடையாது. புதுப்பேட்டை லேத்காரர் இதற்கு வழி செய்தார். மோட்டாரைத் தாங்கும் அலுமினியத் தட்டில் வட்டப் பள்ளம் கடைந்து, மூடி போட்டு, இரண்டு முனை வைத்தார். படகின் வேகத்தில் பின்னால் ஏறும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைச் சுற்றி வெளியே பீய்ச்சும். வெளிநாட்டுக் குளங்களைப் போல இங்கே தண்ணீர் சில்லென்று இருப்பதில்லை. மே மாதத்தில் 30 டிகிரிக்குக் குறையாத தண்ணீரைக் கொண்டு குளிர்விக்கிறோம் என்பதை இன்ஜினீயர் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும்.

ஈ.எஸ்.சி.யை ஆம்பியர் மட்டும் பார்த்து வாங்குவது பாதி வேலை. காந்தம் 14, அதாவது ஏழு ஜோடி. 3 சுற்று போட்ட மோட்டார் மூன்று செல்லில் எட்டும் 29,600 சுற்றில் மின்சுழற்சி நிமிடத்துக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். மலிவான ஈ.எஸ்.சி. அந்த வேகத்தில் தடுமாறி மோட்டாரை உதறவிடும். அளந்த மின்னோட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது தாங்குவதாக இருக்க வேண்டும். அதன் முதுகில் ஏ.சி. மெக்கானிக்கிடம் வாங்கிய மெல்லிய செம்புக் குழாயை ஒட்டித் தண்ணீர் விடுகிறார்கள். பேட்டரிப் பக்கத்துக் கம்பி நீளக் கூடாது. நீண்டால் மின்னழுத்தம் துள்ளி கெப்பாசிட்டர்கள் வெந்துபோகும். நீட்டியே ஆக வேண்டுமென்றால் மோட்டார் பக்கத்துக் கம்பியை நீட்டலாம். படகுக்குள் இடம் தேடும் அவசரத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உண்மையில் எல்லாவற்றையும் முடிவு செய்வது புரொப்பெல்லர். மோட்டாரை முதலில் வாங்கிவிட்டுக் கடைசியில் புரொப்பெல்லர் தேடுவது இங்குள்ள வழக்கம். அது எனக்கு ஒப்பவில்லை. புரொப்பெல்லர் தின்னும் சக்தி சுற்றின் மும்மடியாகவும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்காகவும் ஏறும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று 40ஐ எடுத்துவிட்டு 42 போட்டால், அதே சுற்றில் சுமை ஏறத்தாழ 28 சதவீதம் கூடிவிடும். மோட்டாரை மாற்றாமல் மூன்று செல்லுக்குப் பதில் நான்கு செல் போட்டால் இரண்டே கால் மடங்குக்கும் மேல். கடையில் "ஓடும்" என்று சொல்லி விற்ற சாமான் குளத்தில் புகைவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

பேட்டரிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே மலிவு வழி ஒன்று உண்டு: பழைய லேப்டாப் செல்களைக் கோத்து, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து கொடுப்பவர்கள். மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளையும் இவர்கள்தான் பிரித்து மேய்கிறார்கள். கை சுத்தமான வேலை. படகுக்கு மட்டும் ஆகாது. அந்தச் செல் ஒன்றிடமிருந்து நிம்மதியாக 5 ஆம்பியர் வாங்கலாம். 60 ஆம்பியருக்குப் பன்னிரண்டு செல் பக்கத்தில் பக்கத்தில், நான்கு செல் மின்னழுத்தத்துக்கு அதைப்போல நான்கு வரிசை. மொத்தம் 48 செல், இரண்டு கிலோவுக்கு மேல். அதே வேலையை 5,000 எம்.ஏ.எச். லிப்போ சுமார் அரைக் கிலோவில் முடித்துவிடும். லேபிளில் 40சி என்று போட்டிருந்தால் 200 ஆம்பியர் என்று அர்த்தம். இன்ஜினீயர் அதில் பாதியைத்தான் நம்புகிறார். 60 ஆம்பியர் இழுத்தால் ஐந்து நிமிடத்தில் காலி. நான்கில் நிறுத்திவிட வேண்டும். அடிவரை கறந்த லிப்போ உப்பிவிடும். ஓட்டாத நாளில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். நம்மூர் வெயிலில் முழு சார்ஜோடு காருக்குள் விட்டுப்போவதைப் போன்ற கொலை வேறில்லை.

ஓட்டத் தண்ணீர் கிடைப்பதுதான் பெரும்பாடு. கபாலி கோயில் தெப்பக்குளம் கண்ணெதிரே கிடந்தாலும் அது தைப்பூசத் தெப்பத்துக்கு. முட்டுக்காட்டு உப்புத் தண்ணீர் பேரிங்கைத் தின்றுவிடும். ஈ.சி.ஆர். பக்கம் தெரிந்தவரின் பண்ணைக் குளத்துக்குப் போனோம். 3 சுற்று மோட்டார், மூன்று செல், 40 மில்லிமீட்டர் புரொப்பெல்லர். மூன்று நிமிடம் ஓட்டிக் கரையேற்றியதும் இன்ஜினீயர் வெப்பமானியை வைத்தார். மோட்டார் 66 டிகிரி, பரவாயில்லை. பேட்டரி பிளக்கைத் தொட்ட அவர் பேரன் கையை உதறினான். 900 வாட்டை 11.1 வோல்ட்டில் இழுத்தால் 81 ஆம்பியர். பிளக் சுடாமல் என்ன செய்யும்? அதே சக்தியை நான்கு செல்லின் 14.8 வோல்ட்டில் எடுத்தால் 61. கம்பியிலும் பிளக்கிலும் வீணாகும் சூடு பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும்.

பேரன் நான்கு செல்லை அங்கேயே மாட்டலாம் என்றான். நோட்டைத் திறந்து மும்மடிக் கணக்கைக் காட்டிய பிறகுதான் அடங்கினான்.

மறுநாள் மோட்டார் மறுபடி ராயப்பேட்டை போயிற்று. "இந்தவாட்டி சுத்தைக் கூட்டணும் பாய். நாலு."

"எல்லாரும் ஸ்பீடு வேணும்னு குறைக்கச் சொல்றாங்க, நீங்க கூட்டச் சொல்றீங்களே?"

"வோல்ட்டு கூடுதே. 2,000 கேவி, 14.8. அதே 29,600தான் வரும்."

பாய் ஒரு கணம் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "சரிதான். ஆனா கம்பி ஒரு கேஜ் இறங்கும் சார். என்கிட்ட ஸ்டாக் இல்ல, மவுன்ட் ரோடு போயி வாங்கணும். கூலியில நூறு சேத்துக் குடுங்க."

இன்ஜினீயர் ஐம்பதுக்குப் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.