உப்பிய கண்கள்

"ராத்திரி சரியாத் தூங்கலையா? கண்ணெல்லாம் உப்பிப் போயிருக்கே" என்றார் பக்கத்து வீட்டம்மா. நான் நன்றாகத்தான் தூங்கியிருந்தேன். முந்தின இரவு கருவாட்டுக் குழம்பு, அவ்வளவுதான். உப்பினால் கண் உப்பியிருக்கிறது என்று நினைத்ததும், அந்தச் சொல்லிலேயே மனம் நின்றுவிட்டது. குழம்பில் போடுவதும் உப்பு, வீங்குவதும் உப்புதான். அகராதி இரண்டையும் வேறு வேறு சொற்களாகத்தான் வைத்திருக்கிறது. காலை நேரத்துக் கண்ணாடிக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதன் அடியில் உள்ள இணைப்புத் திசு தளர்வானது. உப்பு கூடினால் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாள் முழுக்கக் கால்களை நோக்கி இறங்கும் அந்த நீர், படுத்தவுடன் முகத்துக்கும் பரவி, இடம் கொடுக்கிற இமையில் தங்குகிறது. எழுந்து நடமாடினால் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். ஒவ்வாமை, சைனஸ், விடிய விடிய அழுதது என்று வேறு காரணங்களும் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்களின் காலைக் கண்களைப் பார்த்தே முந்தின இரவு என்ன நடந்தது என்று அப்பத்தா தெரிந்துகொள்வாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு முதல் காபி போகும்.

என் தம்பியைப் பிழைக்க வைத்ததும் அந்தப் பார்வைதான்.

அவனுக்கு அப்போது நான்கு வயது. ஒரு வாரமாகக் காலையில் இரண்டு கண்ணும் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தன. சூடு என்று உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தார்கள். பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். யாரோ கொடுத்த சொட்டு மருந்தும் விட்டுப் பார்த்தாயிற்று. அப்பத்தா மட்டும் ஒன்றும் சொல்லாமல் காலையிலும் சாயங்காலத்திலும் அவன் முகத்தை இரு கைகளிலும் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் அப்பாவிடம் சொன்னாள்: "காலையில உப்புது, பொழுது சாய வத்துது. சாயங்காலம் காலு கனத்துப் போகுது. இது கண்ணுல உள்ள சீக்கு இல்லப்பா. ஒண்ணுக்குப் போறதப் பாரு, நுரையா நுரைக்குது."

டாக்டர் கண்ணைப் பார்க்கவேயில்லை என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தம்பியின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில் மேல்பாதியை மட்டும் காட்டினார். தெளிவாக இருந்த நீர் சூடேறியதும் வெள்ளையாகத் திரண்டது. முட்டையின் வெள்ளைக்கரு வாணலியில் திரள்வதுபோலவே இருந்தது. அது அல்புமின், ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம். சிறுநீரகத்தின் சல்லடை அதை ஒழுகவிடுகிறது. அது குறைந்தால் ரத்தக் குழாய்க்குள் நீர் நிற்காமல் வெளியே கசிகிறது. படுத்திருக்கையில் இமைக்கும், நடக்கையில் காலுக்கும் போகிறது. நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்று பெயர் சொன்னார். சித்த மருத்துவர்கள் நோயறியப் பார்க்கும் எட்டில் விழியும் ஒன்று, சிறுநீரும் ஒன்று என்பதைப் பின்னாளில் படித்தபோது, எழுத்தறியாத அப்பத்தாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். இந்த நோய் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது கேட்கும், அவனுக்கும் கேட்டது. கண் வடிந்தது, ஆனால் மாத்திரையே கன்னத்தை உருட்டிவிட்டது. நோய் திரும்பித் திரும்பி வந்ததால், வீட்டிலேயே குழாயைச் சூடுகாட்டிப் பார்க்க அம்மா பழகிக்கொண்டாள். பாகற்காய்க் கணக்கும் பால் கணக்கும் இருந்த நோட்டில் தினமும் ஒரு வரி: 'தெளிவு', அல்லது 'திரண்டது'. வீக்கம் இருந்த நாட்களில் அவனுக்கு உப்பில்லாச் சோறு. தட்டைத் தள்ளிவிட்டு அழுவான். அப்பத்தா தன் தட்டிலும் உப்பில்லாமலே போடச் சொல்லி, அவன் எதிரே உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுவாள். அவன் தேறும்வரை அவள் உப்புச் சேர்க்கவில்லை.

கண்ணுக்குக் கீழே பை தொங்குவதை எடுத்துவிடலாமா என்று என் தோழி போன வருடம் கேட்டபோது எனக்கு இதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவளுடையது வேறு கதை. காலையில் வந்து மாலையில் வடிவதல்ல, நாள் முழுக்க இருப்பது. கண்விழிக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பை ஒரு மெல்லிய சவ்வு பிடித்து நிறுத்தியிருக்கிறது. வயதாக ஆக அது தளர்ந்து, கொழுப்பு முன்னால் பிதுங்குகிறது. சில குடும்பங்களில் இளமையிலேயே வரும். குளிர்ந்த கரண்டியும், ஆறவைத்த தேயிலைப் பையும், காஃபீன் கலந்த களிம்பும் நீர் வீக்கத்தைச் சற்று நேரம் அடக்கும். கொழுப்பை ஒன்றும் செய்யாது. பைக்குக் கீழே உள்ள பள்ளத்தை ஹயலூரானிக் அமிலம் ஊசியால் போட்டு நிரவுகிறார்கள். அது நீரை இழுக்கும் பொருள் என்பதால் சிலருக்கு வீக்கம் கூடிவிடுகிறது. அரிதாக, ரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வையையே பறித்துவிடக்கூடும். அழகு நிலையத்தில் யாரோ ஒருவர் கையில் ஊசியைக் கொடுக்காதே என்று அவளிடம் கெஞ்சினேன்.

அவள் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். இமையின் உட்புறமாக, வெளியே தழும்பு தெரியாமல் கொழுப்பைச் சரிசெய்யும் முறை அது; பாரிஸில் பூர்கே என்ற மருத்துவர் 1924-லேயே எழுதிவைத்தது. அவளைப் பார்த்த மருத்துவர் முதலில் தைராய்டும் சிறுநீரும் பரிசோதித்து வரச் சொன்னார் என்று கேட்டதும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. இரண்டு வாரம் கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. முப்பது வருடம் வகுப்பெடுத்தவள், "டீச்சர், உடம்புக்கு முடியலையா?" என்று பிள்ளைகள் கேட்டுக் கேட்டே மனம் நொந்தவள். இப்போது யாரும் கேட்பதில்லையாம். அந்த நிம்மதியை அழகு ஆசை என்று யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

தம்பிக்குப் பதினோரு வயதோடு நோய் விட்டது. இப்போது ஐம்பது தாண்டிவிட்டான், கோயம்புத்தூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூப்பிடுவான். பேச்சைத் தொடங்குமுன் ஜன்னல் பக்கம் திரும்பி, முகத்தை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டு நிற்பான்.

"பாத்துட்டியாக்கா?"

"பாத்துட்டேன்டா. சொல்லு."