காபன் நார்ச் சட்டகம்

1970களின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியச் சிறுவர், மோட்டார்ச் சைக்கிள் வீரரைப் பின்பற்றித் தம் சிறு துவிச்சக்கரவண்டிகளைப் புழுதிமேடுகளிற் பாயவிட்டனர். அவ்விளையாட்டே பீ.எம்.எக்ஸ். என்னும் பெயரோடு 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கை அடைந்தது. இருபது அங்குலச் சில்லு மாறவில்லை. உருக்காயிருந்த சட்டகமோ இன்று பலருக்குக் காபன் நாராயிற்று.

எட்டு மீற்றர் மேட்டிலிருந்து புறப்படுபவனுக்கு முதற் சில மிதிப்புகளே வெற்றியின் பெரும்பகுதி. சட்டகம் நெளிந்தால் மிதித்த விசையிற் சிறிது வீணாகும். காபன் நார் தான் செல்லுந் திசையில் மிகுந்த விறைப்புடையது. ஆதலால் வேண்டிய திசைகளில் நார்களை அடுக்கிப் பிசினால் இறுக்குவர். பாரமுங் குறையும்.

இவ்வளவு நயமிருந்தும் என் மனம் ஒப்பவில்லை. உருக்கு முறியுமுன் பெரும்பாலும் வளைந்து காட்டும். உருக்கி ஒட்டவும் இயலும். அடிபட்ட காபன் நாரிலோ, மேற்பூச்சு மாசின்றியிருக்க உள்ளே அடுக்குகள் பிரிந்திருத்தல் கூடும். பின்னொரு பாய்ச்சலிற் சடுதியாக உடையலாம். விழுந்தெழுந்தே பழகும் விளையாட்டு இது. ஒலிம்பிக் வீரன் அதனை நாடுவதில் வியப்பில்லை. பழகத் தொடங்குஞ் சிறுவனுக்கு நான் உருக்கு வண்டியையே வாங்கிக் கொடுப்பேன்.